பாட்டில் பிறந்த கணக்கு

1913 மார்ச் 31 அன்று வியன்னாவின் முசீக்ஃபெராயின் அரங்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரி, கூச்சலும் கைகலப்புமாகிப் பாதியிலேயே நின்றுபோனதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அன்றைய நிகழ்ச்சியில் அவருடைய மாணவர்கள் இருவரின் படைப்புகளும் இருந்தன. அவர்களில் ஆல்பன் பெர்க், பின்னாளில் 'வோட்செக்' ஆபெராவால் ஐரோப்பிய அரங்குகளை வென்றார். மற்றவரான ஆன்டன் வெபர்ன் உயிரோடு இருந்தவரை ஒரு சிறு வட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. இறந்த பத்தாண்டுகளுக்குள் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டி ஆனார். அந்தத் தலைமுறை அவரைப் பற்றி எழுதிவைத்த சித்திரம்தான் இன்றும் இசை வரலாறுகளில் இருக்கிறது. கணக்குப் போட்டு இசையமைத்தவர், உணர்ச்சியை வடிகட்டி எறிந்தவர், ஸ்வரங்களைப் புள்ளிகளாகச் சிதறவிட்டவர் என்பது அந்தச் சித்திரம். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தீட்டியவர்கள் வெபர்னின் படைப்புகளில் பாதிக்கு மேல் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். விட்டுப்போன பாதி, அவர் கவிதைகளுக்கு அமைத்த இசை. அதையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். வெபர்ன் அடிப்படையில் ஒரு பாட்டுக்காரர். அவருடைய புகழ்பெற்ற கணக்கே பாட்டுக்குள் பிறந்தது. இந்தப் பகுதி முழுவதும் இந்த ஒன்றைத்தான் நிறுவ முயல்கிறேன்.

முதலில் அந்தச் சித்திரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் புதிய இசைக்கான கோடைக்கால வகுப்புகள் தொடங்கின. குண்டுவீச்சில் இடிந்துகிடந்த ஊர் அது. அங்கே கூடிய இளைஞர்களுக்குப் பழைய இசையின் உணர்ச்சிப் பெருக்கின் மீது நம்பிக்கை போயிருந்தது. அந்தப் பெருக்கை நாஜிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாக, அடியிலிருந்து கட்ட வேண்டும் என்று நினைத்தார்கள். அதற்குத் தோதான முன்னோடியாக அவர்களுக்கு வெபர்ன் கிடைத்தார். 1952-இல் இளம் இசையமைப்பாளர் பியேர் பூலேஸ் ஷோன்பெர்க்கின் காலம் முடிந்தது என்று அறிவித்து, வெபர்னை முன்னிறுத்தினார். 1953-இல் டார்ம்ஸ்டாட்டில் வெபர்னுக்கென்றே ஒரு மாலை ஒதுக்கப்பட்டது. ஸ்டாக்ஹௌஸன் அவருடைய ஓபஸ் 24 கன்சர்ட்டோவை எடுத்து, ஸ்வரம், கால அளவு, ஒலியின் வலு என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். அந்த இளைஞர்களின் தேவை நியாயமானது. தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதையே வெபர்ன் முழுவதும் என்று பின்னால் வந்தவர்கள் எண்ணியதுதான் பிழையாகிவிட்டது. அவர் எண் கொடுத்து வெளிவந்த படைப்புகள் 31. அவற்றில் 17 குரலுக்கானவை, வாத்தியங்களுக்கு மட்டுமானவை 14. அதிலும் ஓபஸ் 12 முதல் 19 வரை, அதாவது 1914 முதல் 1926 வரை எழுதிய எட்டுத் தொகுப்புகளும் ஒன்றுவிடாமல் குரலிசை. ஓர் இசையமைப்பாளர் தம் வாழ்வின் நடுப்பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் கவிதையை விட்டு நகரவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடி 1908-க்குப் போக வேண்டும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் நீண்ட உருப்படிகள் நின்றது ஆதார ஸ்வரத்தின் பலத்தில். ஓரிடத்தில் தொடங்கி, அங்கிருந்து விலகி, அலைந்து, பதற்றம் ஏற்றி, மீண்டும் அங்கே வந்து சேர்வதுதான் ஒரு சிம்பொனியின் அரை மணி நேரத்தையும் தாங்கியது. ஷோன்பெர்க்கும் அவருடைய மாணவர்களும் அந்த ஆதாரத்தைக் கைவிட்டபோது, ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. புறப்பட்ட இடம் என்று ஒன்று இல்லாதபோது எப்போது வந்து சேர்ந்தோம் என்று எப்படித் தெரியும்? உருப்படியை எங்கே முடிப்பது? ஷோன்பெர்க் தம் இரண்டாம் நால்வர் தந்தியிசையில் இந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் ஒரு பாடகியை மேடையேற்றி, ஸ்டெஃபான் கேயார்கேயின் கவிதைகளைப் பாட வைத்தார். தந்தி வாத்தியங்கள் நான்கே இருக்க வேண்டிய இடத்தில் மனிதக் குரல் நுழைந்தது 1908 டிசம்பரில் கேட்டவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. அதை அடுத்து அதே கவிஞரின் 15 கவிதைகளுக்கு அவர் அமைத்த பாடல்கள்தான், ஆதார ஸ்வரம் இல்லாமலே ஒரு நீண்ட தொகுப்பு நிற்க முடியும் என்று முதலில் காட்டியவை. வெபர்னும் இணையாகவே நடந்தார். அவருடைய ஓபஸ் 2, 3, 4 எல்லாம் கேயார்கேயின் கவிதைகள். மூவரில் யாருமே புதிய நிலத்தில் தனியாகக் கால் வைக்கவில்லை, ஒரு கவிஞரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தார்கள்.

அந்தக் கையை வெபர்ன் விட்டபோது நடந்ததைக் கவனியுங்கள். 1909 முதல் 1914 வரை அவர் எழுதிய வாத்திய உருப்படிகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறுத்துக்கொண்டே வந்தன. 1914-இல், மகன் செல்லோவுக்கு ஒரு பெரிய படைப்பு எழுத வேண்டும் என்று அவருடைய தந்தை விரும்பினார். வெபர்ன் இளமையில் செல்லோ வாசித்தவர். தந்தைக்காக ஒரு சொனாட்டாவைத் தொடங்கினார், ஒரு பகுதியோடு நின்றது. அதற்குப் பதிலாக வந்தவை ஓபஸ் 11-இன் மூன்று சின்னஞ்சிறு உருப்படிகள். மூன்றும் சேர்ந்தே 32 தாளக்கட்டங்கள்தான். மூன்றாவதில் 10 கட்டங்கள், செல்லோவும் பியானோவும் சேர்ந்து ஒலிப்பது மொத்தம் 20 ஸ்வரங்கள். செல்லோவின் ஒவ்வொரு ஸ்வரமும் கேட்கிறதா இல்லையா என்ற எல்லையில் நிற்கிறது. ஓசைகளை விட இடைவெளிகள் அதிகம். இதைக் கேட்டு மயங்காதவர்கள் குறைவு, நானும் அதை உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால் இதற்குப் பிறகு எங்கே போவது? இதற்கும் கீழே மௌனம் மட்டுமே மிச்சம். பல ஆண்டுகள் கழித்து, 1932-33-இல் வியன்னாவில் ஒரு வீட்டில் ஆற்றிய உரைகளில் வெபர்ன் இந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு ஸ்வரங்களும் ஒருமுறை ஒலித்து முடிந்ததும் உருப்படியே முடிந்துவிட்டதாகத் தமக்குத் தோன்றியது என்றார். அந்நாட்களில் எழுதப்பட்ட சற்றே நீண்ட படைப்புகள் எல்லாம் கவிதை வரிகளைப் பற்றிக்கொண்டவை, அந்த வரிகள்தான் இசையைச் சுமந்தன என்றும் சொன்னார். ஆக, ஓபஸ் 11-க்கு அடுத்து எட்டு எண்களுக்குத் தொடர்ந்து குரலிசை வந்தது தற்செயல் இல்லை. முட்டுச்சந்தில் நின்றவர் திறந்திருந்த ஒரே வழியில் நடந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. கவிதை அப்படியானால் வெறும் ஊன்றுகோல்தானே? ஷோன்பெர்க்கே 1912-இல், 'நீலக் குதிரைவீரன்' ஆண்டுமலரில் எழுதிய கட்டுரையில், ஷூபர்ட்டின் சில பாடல்களைப் பல ஆண்டுகளாக நெருக்கமாக அறிந்திருந்தும் அவற்றின் கவிதையில் என்ன நடக்கிறது என்றே தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தம் பாடல்கள் பலவற்றைக் கவிதையின் முதல் சொற்களின் ஓசையில் மயங்கி, மேற்கொண்டு பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதி முடித்ததாகவும் சொன்னார். குருவே இப்படிச் சொல்லும்போது சீடருக்குக் கவிதை மீது என்ன பெரிய பிடிப்பு இருந்திருக்கும்? பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையிலிருந்தே இசையைக் கட்டும் பன்னிரு ஸ்வர முறை கைக்கு வந்ததும் வெபர்ன் ஊன்றுகோலை எறிந்துவிட்டார், 1926-க்கும் 1930-க்கும் இடையே தந்தி மூவரிசை, சிம்பொனி, நால்வரிசை என்று சொல்லே இல்லாத மூன்று படைப்புகளை அடுத்தடுத்து எழுதினாரே என்றும் கேட்கலாம்.

இரண்டாவது வாதத்துக்கு எண்களே பதில் சொல்லும். ஊன்றுகோலை எறிந்தவர் மறுபடி அதைத் தேட மாட்டார். 1933-இல் வெபர்ன் கவிதைக்குத் திரும்பினார். அதிலிருந்து வந்த கடைசி ஒன்பது படைப்புகளில் ஐந்து குரலிசை, அவற்றில் இரண்டு அவருடைய மிகப் பெரிய முயற்சிகளான கன்டாட்டாக்கள். முறை கைவசம் இருந்த காலத்தில், தேவை இல்லாதபோதும், அவர் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். முதல் வாதத்தில் குருவையும் சீடரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தவறு. ஷோன்பெர்க்கின் கட்டுரையையும் கூர்ந்து படித்தால், கவிதை தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை என்பது தெரியும். கவிதை சொல்லும் நிகழ்ச்சிகளை இசையில் படம் வரைந்து காட்டுவதைத்தான் மறுக்கிறார். கவிதையின் ஓசையே முழுப் பாட்டின் வடிவத்தையும் தந்துவிடுகிறது என்பது கவிதைக்குக் கொடுக்கப்படும் இன்னும் பெரிய இடம். வெபர்னோ தம் நிலையைக் கவிஞர் ஹில்டகார்ட் யோனேவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தெளிவாக்கினார். பாட்டு எழுத வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டு, அதற்கு வரிகளைத் தேடிப் போனது தம் வாழ்வில் ஒருபோதும் நடந்ததில்லை, எப்போதும் வரிகள்தான் முதலில் வந்தன, வரிகள் வந்தபின் பாட்டு பிறந்தது என்பது அவர் வாக்கின் சாரம். ஊன்றுகோலைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை.

அவர் எந்த வரிகளை எடுத்தார் என்பதும் ஒரு சான்று. 1906-இல் தாய் இறந்ததை வெபர்னால் கடக்க முடியவில்லை. தம் முதல் ஓபஸ் தொடங்கி அநேகமாக எல்லாப் படைப்புகளும் அந்த மரணத்தைப் பற்றியவையே என்று 1912-இல் பெர்க்குக்கு எழுதினார். ரில்கேயின் 'மால்டே' நாவல் வெளியான அதே 1910-இல், அதில் ஒரு பெண் பாடுவதாக வரும் வரிகளை எடுத்துக் குரலுக்கும் எட்டு வாத்தியங்களுக்குமாக அமைத்தார். பிடித்து வைத்துக்கொள்ளாததாலேயே தன்னிடம் நிலைக்கிற காதலைப் பற்றிய வரிகள் அவை. அடுத்த ஆண்டு அவர் மணந்துகொண்ட வில்ஹெல்மினே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி, அந்த உறவைச் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் இருந்த காலம் அது. அச்சு மை காயாத புத்தகத்திலிருந்து தம் நெஞ்சுக்கான வரியை எடுத்தவரை, ஏதோ ஒரு வரி போதும் என்று இருந்தவராக எண்ண முடியாது.

ஆனால் அவருடைய உண்மையான கவிஞர் கேயார்க் த்ராக்கல் என்பேன். த்ராக்கல் 1914-இல் ராணுவ மருந்தாளராகக் கிழக்குப் போர்முனைக்குப் போனார். க்ரோடெக் சண்டைக்குப் பின், போதிய மருந்தில்லாமல் காயப்பட்டவர்களுக்கு நடுவே விடப்பட்டு மனம் உடைந்தார். நவம்பர் 3 அன்று கிராக்கோவ் ராணுவ மருத்துவமனையில் அளவு மீறிய கொக்கெயினால் இறந்தார், அப்போது வயது 27. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தம் சொத்தில் ஒரு பங்கை அவருக்கு நன்கொடையாக ஒதுக்கியிருந்தார். கவிஞரைப் பார்க்க மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்தபோது, இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. இந்தக் கவிஞரின் ஆறு கவிதைகளுக்கு 1917 முதல் 1921 வரை மெல்ல மெல்ல இசையமைத்து வெபர்ன் ஓபஸ் 14 ஆக்கினார். குரலோடு இரண்டு கிளாரினெட்டுகள், ஒரு வயலின், ஒரு செல்லோ, அவையும் பாட்டுக்குப் பாட்டு மாறி மாறி வரும். இவை தவிர முடிக்காமல் விட்ட த்ராக்கல் பாடல்களும் கையெழுத்துப் படிகளில் உண்டு. மாலை, நீலம், கருப்புப் பறவை, அழுகும் பழம், மௌனமாக இறங்கும் ஓர் அடி என்று த்ராக்கலிடம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய படிமங்கள். ஒவ்வொரு கவிதையிலும் அவற்றையே வேறு வரிசையில் அடுக்குகிறார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 'ஆகவே' என்றோ 'ஆனால்' என்றோ பாலம் கிடையாது. படிமங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, கவிதை அவற்றின் வரிசையில் இருக்கிறது. சிறு கையிருப்பை வரிசை மாற்றி மாற்றி அடுக்கியே ஒரு முழு உலகத்தைக் கட்ட முடியும் என்பதை வெபர்ன் நான்கு ஆண்டுகள் இந்தக் கவிதைகளுக்குள் இருந்து பழகினார். அடுத்த ஆண்டே அவர் நோட்டில் பன்னிரண்டு ஸ்வரங்களின் வரிசை தோன்றுகிறது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது, ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டையும் தொடர்பற்றவை என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த நோட்டுப் பக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1922 ஜூலை. உலகத்திடம் விடைபெற்றுத் தன் வழியில் போகிற ஆன்மாவைப் பற்றிய ஒரு பழைய பக்திப் பாடலுக்கு வெபர்ன் மெட்டுத் தேடுகிறார். பின்னர் அது ஓபஸ் 15-இன் நான்காம் பாடலாயிற்று. குரலுக்கு அவர் எழுதிப் பார்க்கும் மெட்டில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் ஒன்றுகூடத் திரும்பாமல் வருகின்றன. அந்த வரிசையைத் தனியே எடுத்து எழுதுகிறார். பின்னோக்கி, தலைகீழாக, தலைகீழாக்கிப் பின்னோக்கி என்று அதன் மற்ற மூன்று வடிவங்களையும் எழுதுகிறார். ஷோன்பெர்க் தம் மாணவர்களைக் கூட்டிப் பன்னிரு ஸ்வர முறையை முறைப்படி விளக்கியது 1923 பிப்ரவரியில். அதற்கு ஏழு மாதம் முன்பே இந்தப் பக்கம் இருக்கிறது. அமெரிக்க இசையியலாளர் ஆன் ஷ்ரெஃப்ளர் 1994-இல் இதை விரிவாக எழுதும்வரை இதன் கனம் பலருக்கு உறைக்கவில்லை. இங்கே இரண்டை நான் அழுத்திச் சொல்வேன். வரிசை முதலில் ஒரு பாட்டின் மெட்டாகவே வந்தது, மூச்சுவிட்டுப் பாட வேண்டிய ஒரு வரியாக. அட்டவணை அதற்குப் பின்னால் வந்தது. அடுத்து, வெபர்ன் அட்டவணையைப் போட்ட பிறகும் அதற்குக் கட்டுப்படவில்லை. அந்த முறையை ஓரம் வைத்துவிட்டு, பாட்டைச் சுதந்திரமாகவே முடித்தார். கணக்கு அவரை இழுத்துப் போகவில்லை, பாட்டுக்கு ஆகுமா என்று அவர்தான் கணக்கைச் சோதித்தார்.

சோதனை தொடர்ந்ததும் பாட்டுகளில்தான். ஓபஸ் 16 லத்தீன் வரிகளுக்கான ஐந்து கேனன்கள், ஒரு குரல் பாடியதை மற்றொன்று அப்படியே பின்தொடரும் பழைய வடிவம். வெபர்ன் 1906-இல் முனைவர் பட்டம் பெற்றது 1500-ஐ ஒட்டி வாழ்ந்த ஹைன்ரிக் ஈசாக்கின் தேவாலய இசையை ஆராய்ந்து, ஆகவே அது அவருக்குச் சொந்த வீடு. ஓபஸ் 17-இன் பாமர பக்திப் பாடல்களில்தான் பன்னிரு ஸ்வர முறையை அவர் முதன்முதலாக முழுமையாகப் பயன்படுத்தினார். சோப்ரானோ, சிறு கிளாரினெட், கிட்டார் என்ற விநோதக் கூட்டணிக்கு எழுதிய ஓபஸ் 18-இல் அடுத்த படி. முதல் பாடலில் வரிசை ஒரே வடிவத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. மரியாளும் மகனும் தந்தையும் பேசிக்கொள்வதாக வரும் இரண்டாம் பாடலில் தலைகீழ் வடிவங்களும் பின்னோக்கு வடிவங்களும் வந்து சேர்கின்றன. ஒருவர் மன்றாட, ஒருவர் மறுமொழி சொல்ல, ஒருவர் தீர்ப்பளிக்கும் கவிதையில்தான் ஒரே வரிசை பல முகம் காட்டத் தொடங்கியது. 1926-இல் தந்தி மூவரிசையைத் தொடங்கியபோது அவருக்கு அந்த மொழியின் இலக்கணம் தெரிந்திருந்தது, அதைக் கற்றது இந்தப் பாடல்களில். டார்ம்ஸ்டாட் கொண்டாடிய வாத்திய இசைக்குப் பள்ளிக்கூடம் இவைதான்.

இந்தப் பாடல்களைக் கேட்டவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. குரல் பாதாளத்திலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து பாதாளத்துக்கும் தாவுகிறது, சொல்லே விளங்கவில்லை, கவிதையை மதித்தவர் இப்படியா செய்வார் என்பது குறை. ஓபஸ் 18-ஐப் பொறுத்தவரை இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அங்கே தாவல்கள் சொல்லை விழுங்கிவிடுகின்றன, ஜெர்மன் தெரிந்தவரும் கையில் வரிகளை வைத்துக்கொண்டுதான் பின்தொடர முடியும். மற்ற தொகுப்புகளில் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் வேறு சில தெரியும். வெபர்ன் பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்றே போகிறார், ஒரு சொல்லை இழுத்து அலங்கரிப்பது அபூர்வம். பேச்சில் எங்கே அழுத்தம் விழுமோ அங்கேதான் மெட்டிலும் அழுத்தம். அந்தப் பெரிய தாவல்களிலும் பல, அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கான ஒரு சிறு நகர்வை ஸ்தாயி மாற்றி வைத்தவைதான். எல்லாவற்றையும் ஒரே ஸ்தாயிக்குள் இறக்கிப் பார்த்தால் முணுமுணுப்பது போன்ற நெருக்கமான மெட்டு கிடைக்கும். அப்படிப் பாடத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவே. 1957-இல் ராபர்ட் கிராஃப்ட் வெபர்னின் ஓபஸ் எண்ணுள்ள எல்லாவற்றையும் நான்கு இசைத்தட்டுகளில் வெளியிட்டபோது பாடியவர்களில் ஒருவர் மார்னி நிக்ஸன். 'மை ஃபேர் லேடி' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும் பின்னணி பாடியவர் அவரேதான். கோடிப் பேரின் காதுக்கு இதமாக இருந்த அந்தக் குரலுக்கு வெபர்னும் பாட்டாகவே இருந்திருக்கிறார்.

கடைசிக் காலக் கவிஞரைப் பற்றிய மறுப்புதான் பதில் சொல்லக் கடினமானது. 1926-இல் வெபர்ன் சிற்பி யோசெஃப் ஹும்ப்லிக்கையும் அவர் மனைவி ஹில்டகார்ட் யோனேவையும் சந்தித்தார். 1933-இலிருந்து இறுதிவரை வேறு எந்தக் கவிஞரையும் அவர் தொடவில்லை. கேயார்கே, ரில்கே, த்ராக்கல் என்று வந்தவர் யோனேவிடம் நின்றது பலருக்குப் புரியவில்லை. ஓவியரும் கவிஞருமான யோனே ஒளி, பூ, தேனீ, கிருபை என்று பக்திப் பரவசத்தில் எழுதியவர். த்ராக்கலின் பக்கத்தில் அவரை வைக்க முடியாது, நானும் வைக்க மாட்டேன். காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் குற்றச்சாட்டு இன்னும் கனக்கும். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. வெபர்னின் இசை சீரழிந்த கலை என்று ஒதுக்கப்பட்டது, சில மாணவர்களையும் பதிப்பகத்துக்கான மெய்ப்புத் திருத்தத்தையும் நம்பி வாழ்ந்தார். அப்படி இருந்தும் 1940-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஹிட்லரின் ஜெர்மனியை வியந்து எழுதியிருக்கிறார். தன்னை ஒடுக்கிய ஆட்சியையே நம்பிய அந்தப் பேதைமையை எந்தப் பாட்டும் மூடி மறைக்காது, மறைக்கவும் கூடாது. யோனேவின் ஒளியும் பூவும் தெருவில் நடந்ததைப் பார்க்காமலிருக்க உதவிய திரை என்று ஒருவர் சொன்னால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

ஆனால் பாட்டின் உள்ளே யோனேவின் வரிகள் என்ன செய்தன என்பது தனிக் கேள்வி. முதல் கன்டாட்டாவில் 1938-இல் முதலாவதாக எழுதி முடித்தது இப்போது நடுவில் இருக்கும் சோப்ரானோ பாடல். மேப்பிள் மரத்தின் சிறகு முளைத்த விதை ஒன்று காற்றில் மிதந்து, மண்ணின் இருளில் விழுந்து, மறுபடி மரமாய் எழுந்து, மீண்டும் சிறகு விதைகளை அனுப்புவதைப் பற்றிய கவிதை. வெபர்ன் இதற்கு வைத்துக்கொண்ட பன்னிரண்டு ஸ்வர வரிசையைப் பாருங்கள். பிந்திய ஆறு ஸ்வரங்கள், முந்திய ஆறைத் தலைகீழாக்கிப் பின்னோக்கிப் படித்தால் வரும் இடைவெளிகளையே கொண்டவை. அதாவது வரிசையின் பாதியிலேயே மறுபாதியும் இருக்கிறது, விதைக்குள் மரம் இருப்பதைப் போல. கவிதையின் பொருள் இங்கே மெட்டின் மேல்பூச்சாக இல்லாமல், மெட்டைப் பெற்ற சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கோதே தாவரங்களைப் பற்றிச் சொன்னதை, எல்லா உறுப்பும் ஒரே மூல உறுப்பின் மாற்றங்கள் என்ற கருத்தை, வெபர்ன் தம் உரைகளில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னவர். ஆல்ப்ஸ் மலையில் ஏறி மலைப்பூக்களைத் தேடித் திரிந்தவர். யோனேவைப் பெரிய கவிஞர் என்பதற்காக அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தாம் இசையில் கண்டுகொண்டிருந்ததை யோனே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் காரணம். கவிதையின் தரத்தை அளப்பவருக்கு இது ஏற்காமல் போகலாம். கவிதைக்கும் இசைக்குமான உறவை அளப்பவருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் அந்த நூற்றாண்டில் எளிதில் கிடைக்காது.

கடைசி மறுப்பு ஒன்று உண்டு. பிறந்த இடம் எதுவாக இருந்தால் என்ன, வளர்ந்தபின் அந்தக் கணக்கு சொல்லைச் சாராமல் தனித்து நின்றதே, அதைத்தானே பூலேஸும் ஸ்டாக்ஹௌஸனும் எடுத்துக்கொண்டார்கள்? அவர்கள் கையில் அது தனித்து நின்றது, அதை மறுக்கவில்லை. வெபர்னின் கையில் நின்றதா? தம் உரைகளின் முடிவில், வரிசை என்றால் என்ன என்று விளக்க அவர் எடுத்துக்காட்டியது எந்தக் கணிதச் சூத்திரமும் இல்லை. இடமிருந்தும் வலமிருந்தும், மேலிருந்தும் கீழிருந்தும் ஒன்றுபோலவே படிக்கப்படும் ஐந்து லத்தீன் சொற்களின் பழைய சதுரத்தைத்தான் எடுத்துக்காட்டினார். அவருக்கு வரிசையின் மாதிரி சொல்லாகவே இருந்தது. 1945 செப்டம்பர் 15 அன்று இரவு, மிட்டர்சில் என்ற மலையூரில், சுருட்டுப் பிடிக்க வெளியே வந்தவரை ஓர் அமெரிக்கச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு தாக்கியது. அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் ஒரு புதிய படைப்பின் வரைவுகள் இருந்தன. அது முதலில் வாத்தியங்களுக்கு மட்டுமான கன்சர்ட்டோவாகத்தான் தொடங்கியது. எழுத எழுத, யோனேவின் வரிகள் அதற்குள் வந்து சேர்ந்து, அது மூன்றாவது கன்டாட்டாவாக மாறிக்கொண்டிருந்தது.